உடை ஒரு காலம். கூந்தல் ஒரு காலம்!

ஜப்பான் நாட்டில் மார்ச் மாதம் 3-ந் தேதி பெண் குழந்தைகளின் திருநாள். அன்று பெண் குழந்தை உள்ள வீடுகளில் படி கட்டுவார்கள். அதன் மேல் சிவப்புத் துணி விரிப்பார்கள். பொம்மைகளை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். நவராத்திரிக் கொலு பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது.

ஆனால் அந்தப் படிகளில் தெய்வ பொம்மைகள் கிடையாது. அங்கே இருப்பது ஓர் அரண்மனை!

முழுக் கொலு என்றால் 7 படிகள், 15 பொம்மைகள். மேல் படியில் சக்கரவர்த்தியும் சக்கரவர்த்தினியும் வீற்றிருப்பார்கள். அடுத்த படியில் தோழிப் பெண்கள் மூவர். அதற்குக் கீழே பாட்டும் வாத்தியமுமாக ஐந்து பையன்கள். பிறகு அமைச்சர் இருவர், சேவகர் மூவர். கடைசிப் படிகளில் பெட்டி, பல்லக்கு, மாட்டு வண்டி. இவற்றுக்கு "ஹினா பொம்மைகள்" என்று பெயர். பெண் குழந்தை பிறந்து முதல் திருநாள் வந்தால், தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் இவற்றை வாங்கித் தருவது பழைய வழக்கம்.

"இது ஹெயான் காலத்து அரண்மனை" என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஹெயான் காலம் என்பது 794-ம் ஆண்டு முதல் 1185-ம் ஆண்டு வரை. அதாவது, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய காலம். அரசி பொம்மை அணிந்திருக்கும் அடுக்கடுக்கான பட்டாடை அந்தக் காலத்து வழக்கம்தான். அதில் சந்தேகம் இல்லை.

தலையைப் பார்த்தால்தான் சங்கடம்!

முறம் விரித்தது போல...

பெரும்பாலான அரசி பொம்மைகளின் கூந்தல் இரு காதுகளுக்கு மேலும் முறம் விரித்தது போல அகன்று நிற்கும். பின்னால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி முதுகில் நீளமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். நெற்றிக்கு மேலே பொன் நகை ஒன்று மின்னும். இந்தத் தலை அலங்காரத்தை "ஓசுபெராகாஷி" என்கிறார்கள்.

ஹெயான் காலத்துச் சக்கரவர்த்தினி எவரும் இப்படித் தலை வாரிக்கொண்டதில்லை!

இதற்குச் சாட்சி இருக்கிறது. ஜப்பானின் புகழ்பெற்ற பழைய கதை "கெஞ்சி கதை". அதற்கு 12-ம் நூற்றாண்டில் வரைந்த படச்சுருள்கள் இன்றும் நகோயா நகரின் டோக்குகாவா கலைக்கூடத்திலும் டோக்கியோவின் கோட்டோ கலைக்கூடத்திலும் உள்ளன. அந்தப் படங்களில் உள்ள சீமாட்டிகளுக்கு நடு வகிடு. கூந்தல் நேராக வழிந்து, ஆடை மேல் பரவி, தரையைத் தொடுகிறது. கொண்டை இல்லை. பின்னல் இல்லை. காதுக்கு மேல் புடைப்பும் இல்லை.

அந்தக் காலத்தில் கூந்தலின் நீளமே அழகு. ஹோஷி என்ற அரசியைப் பற்றி "ஓககாமி" என்னும் பழைய நூல் ஒரு செய்தி சொல்கிறது. அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆனால் கூந்தலின் நுனி இன்னும் வீட்டுக்குள் தூணடியில் கிடந்ததாம்! கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அந்தக் காலத்துப் பெண்கள் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது. இவ்வளவு நீளக் கூந்தலை அவர்கள் அரிசி களைந்த நீரால் பேணினார்கள். தலைக்குக் குளித்து உலர்த்த ஒரு பகல் போய்விடும்.

அப்படியானால் முறம் போன்ற அலங்காரம் எங்கிருந்து வந்தது?

தெருவில் பிறந்த நாகரிகம்

ஹெயான் காலம் முடிந்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு எடோ காலம் தொடங்கியது. அது 1603 முதல் 1868 வரை. இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். வியாபாரம் பெருகிய அந்தக் காலத்தில் நகரத்துப் பெண்கள் கூந்தலைத் தூக்கிக் கட்டத் தொடங்கினார்கள். நாளுக்கு ஒரு கொண்டை! 1770, 1780-களில் ஒரு புது நாகரிகம் கிளம்பியது. காதோர முடியை இரு பக்கமும் விளக்குக் கூண்டு போல மெல்லியதாக அகல விரிப்பது. முடி சரியாமல் நிற்க, ஆமை ஓடு, திமிங்கிலத் தாடைத் தகடு முதலியவற்றில் செய்த வில் போன்ற குச்சியை உள்ளே செருகினார்கள். ஓவியர் உத்தமாரோ வரைந்த அழகிகளின் படங்களில் இதைக் காணலாம். அவர்களில் பலர் கேளிக்கை விடுதிப் பெண்கள். சிலர் தேநீர்க் கடைப் பெண்கள்.

இந்தத் தெரு நாகரிகம் அரண்மனை மதிலையும் ஏறிக் குதித்துவிட்டது! அரண்மனைப் பெண்களும் காதோர முடியை விரித்துக்கொண்டார்கள். ஆனால் பின்கூந்தலைத் தூக்கிக் கட்டவில்லை. பழைய வழக்கப்படி தொங்கவிட்டார்கள். முன்புறம் புதுசு, பின்புறம் பழசு. இப்படிப் பிறந்ததே ஓசுபெராகாஷி.

ஹினா பொம்மைத் தொழில் செழித்ததும் அதே எடோ காலத்தில்தான். பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பெரிய பெரிய பொம்மைகளாக வாங்கினார்கள். 8 சுன் அளவுக்கு, அதாவது சுமார் 24 சென்டிமீட்டருக்கு, மேல் பொம்மை செய்யக்கூடாது என்று 1721-ல் அரசாங்கமே தடை போட வேண்டியிருந்தது!

அரண்மனைக் குடும்பங்களுக்கென்று செய்த பொம்மைகளில் உடையும் தலையும் சபை வழக்கப்படி சரியாக இருக்க வேண்டும். வாங்குகிறவர்களுக்கு வழக்கம் தெரியுமே! ஊர் மக்களுக்குச் செய்ததில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சக்கரவர்த்தினியை நேரில் கண்டவர் ஊரில் எத்தனை பேர்?

தவறு கூந்தலோடு நிற்கவில்லை. சக்கரவர்த்தி பொம்மையின் தொப்பியில் ஒரு பட்டை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். அது சக்கரவர்த்திக்கு மட்டுமே என்று ஆனது எடோ காலத்தில். ஹெயான் காலத்தில் அந்தப் பட்டை பின்னால் தொங்கியது. ஐந்து பையன்கள் வாசிப்பதோ "நோ" நாடக இசை. அந்த நாடகம் உருவானதே 14-ம் நூற்றாண்டில்!

பட்டு நூலில் கூந்தல்

பொம்மையின் முகத்துக்குச் சிப்பிப் பொடியில் செய்த வெள்ளைப் பூச்சு. கூந்தலுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல். தலையில் மெல்லிய பள்ளம் செதுக்கி, பசை தடவி, நூலை அதில் பதிக்கிறார்கள். பிறகு வாரி, விரித்து, கட்டுகிறார்கள். தலை செய்பவர் வேறு, கூந்தல் வைப்பவர் வேறு, உடை உடுத்துபவர் வேறு. கைவிரல் அளவுத் தலையில் இத்தனையும் செய்வது லேசான வேலையா? சைத்தாமா நகரின் இவாட்சுகி பகுதி இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. 2020-ல் அங்கே பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

இன்று கடைக்குப் போனால் இரண்டு வகை அரசியும் கிடைக்கிறார்கள். முறம் போல் விரித்த கூந்தல் ஒன்று. நேராக வழியும் பழங்காலக் கூந்தல் மற்றொன்று. சரித்திரப்படி உடைக்குப் பொருத்தமானது இரண்டாவதுதான். ஆனால் பாட்டி வீட்டுப் பொம்மையைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அது வெறிச்சென்று தோன்றலாம்.

சரி, விரித்த கூந்தல் பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1959-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவை மணந்த மிச்சிகோ ஓசுபெராகாஷி அலங்காரத்துடன்தான் காட்சி தந்தார். 1993-ல் மசாகோ தம் திருமணத்தன்றும், 2019 அக்டோபர் 22-ந் தேதி நருஹிட்டோவின் முடிசூட்டு விழாவிலும் அதே அலங்காரம் செய்துகொண்டார். நீண்ட சவுரி சேர்த்து, மெழுகு எண்ணெய் பூசி, மணிக்கணக்கில் வாரிய கூந்தல்! தொலைக்காட்சியில் அதைப் பார்த்த சிறுமிகளுக்குத் தங்கள் வீட்டுப் பொம்மை உயிரோடு எழுந்து நடந்தது போல இருந்திருக்கும்.

பொம்மை சுமார் இருநூறு ஆண்டுப் பழமையைச் சரியாகவே காட்டுகிறது. ஆயிரம் ஆண்டு என்று சொல்லும்போதுதான் கணக்கு உதைக்கிறது. குழந்தை கேட்டால், "உடை ஹெயான் காலம், தலை எடோ காலம்" என்று சொன்னால் போதும். அதில் கொலுவின் அழகு குறைந்துவிடாது.

திருநாள் முடிந்ததும் பொம்மைகளைச் சீக்கிரம் எடுத்து வைத்துவிட வேண்டும். தாமதித்தால் மகளின் கல்யாணமும் தள்ளிப்போகும் என்று ஒரு நம்பிக்கை! மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, முகத்தை மிருதுவான காகிதத்தால் மூடி, பெட்டியில் வைக்கிறார்கள். விரித்த கூந்தல் நசுங்கிவிடாமல் இருக்க வேண்டும். அடுத்த மார்ச் வரை அரசி அதே அலங்காரத்தில்தான் தூங்கப்போகிறாள்.