எண்பத்தொன்பது வயதில் ஓட வந்த கமக்காரர்

ஊரில் விடியப்புறம் எழுந்து, தோட்டத்துக்கு இறைத்து, மாட்டை அவிழ்த்துக் கட்டிய அப்பு, காணியை விட்டு வந்தபின் நாள் முழுவதும் வாசலில் குந்தியிருக்கிறார். "வயது போனவர், ஆறுதலாக இருக்கட்டும்" என்று பிள்ளைகளும் விட்டுவிடுகிறார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த இருப்பே அவரைத் தளர்த்திவிடுகிறது.

இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில், ஜலந்தருக்கு அண்மையிலுள்ள பியாஸ் பிண்ட் கிராமத்தவர் பௌஜா சிங். ஐந்து வயதுவரை அவரால் நடக்க முடியவில்லை. கால்கள் அவ்வளவு மெலிவு. பின்னர் தேறிக் கமம் செய்து வாழ்ந்தார். 1994இல் மகன் ஒருவரை விபத்தில் பறிகொடுத்தார். 1990களில் இங்கிலாந்தில் இருந்த மற்றொரு மகனோடு வாழ்ந்தார். கமமும் இல்லை, ஊரும் இல்லை. மனப்பாரத்தை இறக்கி வைக்கவே ஓடத் தொடங்கினார்.

2000ஆம் ஆண்டு, தமது 89ஆவது வயதில், இலண்டன் மரதன் ஓட்டத்தின் 42 கிலோமீற்றரை 6 மணி 54 நிமிடத்தில் ஓடி முடித்தார். 2003இல் ரொறன்ரோவில் அதே தூரத்துக்கு 5 மணி 40 நிமிடமே எடுத்தது. 2011இல், நூறு வயதில், மீண்டும் அங்கே எட்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஓடி முடித்தார். கின்னஸ் நிறுவனம் அதைச் சாதனையாகப் பதிய மறுத்தது. கடவுச்சீட்டில் 1911 என்றிருந்தும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அவரிடம் இல்லை. பத்திரங்களை விட்டுவிட்டு ஓடிவந்த எம்மவர்க்கு இந்த வில்லங்கம் நன்றாக விளங்கும். வயதில் நாலைந்து முன்பின் இருந்தாலும், ஓடிய தூரம் ஓடிய தூரந்தானே! 2025 யூலையில், சொந்த ஊரருகே வீதியைக் கடக்கையில் வாகனம் மோதி இறந்தார்.

இவர் ஒருவர் மட்டும் விதிவிலக்கா? அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் முதியோர் இல்லமொன்றில் இருந்த, தொண்ணூறு வயதை அண்டிய சிலருக்கு எட்டு வாரம் கால்களால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால்களின் பலம் சராசரியாக இரு மடங்குக்கு மேல் கூடியதென 1990இல் அறிவித்தார்கள். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில் 120 முதியவர்கள் பங்குபற்றினர். ஒரு பகுதியினர் கிழமைக்கு மூன்று நாள், நாற்பது நிமிடம் வீதம், ஓராண்டு நடந்தார்கள். அவர்களின் மூளையில் ஞாபகத்தோடு தொடர்புடைய பகுதி ஏறக்குறைய 2 வீதம் பெருத்திருந்தது. நடக்காமல் கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. மறதி வயதின் விதி என்று இனி முழுதாகச் சொல்ல முடியாது.

எல்லோரும் மரதன் ஓட வேண்டியதில்லை. கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகத்தில், ஒத்த வயதினர் ஒருவரோடு, வெயில் ஏறமுன் நடந்தால் போதும். முதல் நாளே கூடுதலாக நடக்க வேண்டாம். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். பிறஷருக்கும் சீனி வியாதிக்கும் எடுக்கும் குளிசைகளை, நடக்கிறோம் என்று தாமாக விடக்கூடாது.

வளவில் நாலு மிளகாய்க் கன்று வைக்க இடமிருந்தால் அதை அப்புவிடமே விடுங்கள். மண்வெட்டி பாரமென்றால் களை பிடுங்கட்டும். எந்த நேரம் தண்ணீர் விடுவதென்று அவரிடமே கேளுங்கள்.