சிரிக்க ஜோக் எதற்கு?

மும்பை அந்தேரியில் ஒரு பூங்கா. 1995 மார்ச் 13 அன்று 5 பேருடன் அங்கே தொடங்கியது டாக்டர் மதன் கட்டாரியாவின் சிரிப்பு கிளப். சில நாட்களில் கூட்டம் பெருகியது. ஆனால் 2 வாரத்தில் ஜோக்குகள் தீர்ந்தன. மிஞ்சியவை ஆபாசமும் பிறரைப் புண்படுத்தும் கிண்டலும்தான். ஜோக்கைக் கைவிட்டார் கட்டாரியா. கைதட்டல், ஆழ்ந்த மூச்சு, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து வலிந்து ஒரு சிரிப்பு. சற்று நேரத்தில் அதுவே நிஜச் சிரிப்பாகிவிடும். இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இதே முறை.

இதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஆனால் பணி ஓய்வுக்குப் பின் பேச ஆளின்றித் தனியே நடப்பவருக்கு, உடலுக்குப் பயிற்சியும் மனதுக்கு இளைப்பாறலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. கூடவே, ஒரு நாள் வராவிட்டால் ஏன் என்று விசாரிக்க நாலு பேர்.