மலிவு விலைக் கடை வளர்ந்தது. பால் ஊற்றியவருக்குக் கிடைத்தது என்ன?

ஜெர்மனியில் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர் போனது. அங்குள்ள எஸ்ஸென் நகரின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் 1913ம் ஆண்டு ஒரு சிறு மளிகைக் கடை தொடங்கப்பட்டது. கடையைக் கவனித்து வந்தவர் அன்னா ஆல்பிரெக்ட் என்ற பெண்மணி. அவருடைய கணவர் சுரங்கத்தில் உழைத்து உடல்நலம் கெட்டவர். இந்த ஒரு கடைதான் பிற்காலத்தில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கிளைகள் கொண்ட 'ஆல்டி' நிறுவனமாயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊரே இடிந்து கிடந்த சமயம், மகன்கள் கார்ல், தியோ இருவரும் 1946ல் கடைப் பொறுப்பை ஏற்றனர். கையில் முதல் இல்லை. ஆகவே, அன்றாடம் தேவைப்படும் சில சரக்குகளை மட்டும் வாங்கி வைத்தனர். கொஞ்சம் நிமிர்ந்ததும் மற்றவர்களைப் போல எல்லா வகையும் வைக்கலாம் என்பதே அவர்கள் எண்ணம். ஆனால் குறைந்த வகைச் சரக்கை மலிவாக விற்றபோதே கூட்டம் வந்தது. வறுமைக்காகச் செய்த ஏற்பாடே வியாபார முறையாகிவிட்டது!

அக்காலத்தில் ஜெர்மானியக் கடைகள் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி வில்லைகள் கொடுப்பது வழக்கம். அவற்றைச் சேர்த்து ஒட்டி, பின்னர் கொண்டுபோய்க் கொடுத்தால் 3 சதவீதம் வரை பணம் திரும்பக் கிடைக்கும். ஆல்பிரெக்ட் சகோதரர்கள் வில்லை எதுவும் தரவில்லை. அந்தத் தொகையை விலையிலேயே முன்கூட்டிக் கழித்துவிட்டனர். வீட்டுச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் பெண்களுக்கு இது உடனே புரிந்தது.

1950ல் 13 கடைகள் இருந்தன. 1960ல் சுமார் 300. கடையில் சிகரெட் விற்பதா, வேண்டாமா என்று சகோதரர்களுக்குள் கருத்து வேற்றுமை ஏற்பட்டதாகச் சொல்வார்கள். எப்படியோ, வடபகுதி தியோவுக்கு, தென்பகுதி கார்லுக்கு எனப் பிரித்துக் கொண்டனர். 1962ல் 'ஆல்பிரெக்ட் டிஸ்கவுண்ட்' என்பதன் சுருக்கமாக 'ஆல்டி' என்ற பெயர் வந்தது. பின்னர் 1967ல் ஆஸ்திரியா, 1976ல் அமெரிக்கா, 1990ல் பிரிட்டன், 2001ல் ஆஸ்திரேலியா எனக் கிளைகள் பரவின.

இவ்வளவு மலிவாக விற்க எப்படி முடிந்தது? சரக்கை அலமாரியில் அடுக்குவதில்லை. வந்த அட்டைப் பெட்டியின் முகப்பைக் கிழித்து அப்படியே வைத்துவிடுவார்கள். வேலையாட்கள் குறைவு. கெட்டுப்போகும் காய்கறி, பழங்களை ஆரம்ப காலத்தில் தொடவே இல்லை. பிரபலப் பெயர்களுக்குப் பதில், தமக்கென்று தயாரிக்கச் சொல்லித் தம் பெயரிட்டு விற்றனர். எல்லாவற்றையும்விட முக்கியமானது கொள்முதல். ஒரு பொருளில் ஓரிரண்டு வகை மட்டும் விற்பதால், அந்த வகையை மலைபோல் வாங்க முடியும். அவ்வளவு வாங்குபவர் சொல்வதே விலை. சரக்கும் சில நாளில் விற்றுத் தீரும். அனுப்பியவருக்குப் பணம் தர அதற்குப் பிறகும் தவணை உண்டு.

இதில் முதல் மூன்றும் கடைக்காரரின் சிக்கனம். கடைசியில் சொன்னது அடுத்தவர் மடியிலிருந்து வருவது. பால் விஷயத்தில் இது தெளிவாகத் தெரிந்தது.

ஜெர்மானிய விவசாயிகளில் பெரும்பாலோர் கூட்டுறவு பால் பதனிடும் நிலையங்களில் உறுப்பினர்கள். கறக்கும் பால் முழுவதையும் அங்கேயே ஊற்ற வேண்டும். நிலையமும் முழுவதையும் எடுத்துக்கொண்டாக வேண்டும். ஆனால் விலை பால் ஊற்றிய பிறகே தெரிய வரும். நிலையம் கடைகளுடன் சில மாதங்களுக்கு ஒப்பந்தம் பேசி விற்று, தன் செலவு போக மிஞ்சியதைப் பங்கிடும். கடைக்காரர் விலையைக் குறைத்தால் அந்தச் சுமை கடைசியில் மாட்டுக் கொட்டகைக்கே வந்து சேரும். மாடு கறவையில் இருக்கும்போது, விலை சரியில்லை என்று கறக்காமல் விட முடியுமா?

2008ம் ஆண்டு மே மாதக் கடைசியில் பால் உற்பத்தியாளர்கள் பொறுமை இழந்தனர். லிட்டருக்கு 43 சென்ட் வேண்டும் என்று கேட்டு, பால் ஊற்றுவதை நிறுத்தினர். சிலர் பாலை வயலில் கொட்டினர், கன்றுகளுக்குக் கொடுத்தனர். நிலையங்களின் வாசலை டிராக்டர்கள் மறித்தன. பத்து நாளில் கடைகள் இறங்கி வந்தன. ஆல்டியின் போட்டியாளரான லிடில் லிட்டருக்கு 10 சென்ட் ஏற்றியது, மற்றவர்களும் தொடர்ந்தனர். ஆனால் 2009ல் விலை மறுபடி விழுந்தது.

2015 ஏப்ரலில் ஐரோப்பிய நாடுகளில் பால் உற்பத்திக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. பால் பெருகிற்று. 2016 மே மாதத்தில் ஆல்டி கடைகளில் ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பால் 46 சென்ட்டுக்கு இறங்கியது. அப்போது பல இடங்களில் விவசாயிக்கு லிட்டருக்கு 20 சென்ட் அளவே கிடைத்தது. பழியைக் கடை மீது மட்டும் போடுவது நியாயமல்ல. அளவுக்கு மீறிய பாலும் ஒரு காரணம். எனினும் பேரம் பேசும் இடத்தில் இரு தரப்பும் சமமாக இல்லை. ஆல்டியும் சேர்ந்த நான்கு குழுமங்களின் கையில் உணவுச் சில்லறை வியாபாரத்தில் சுமார் 85 சதவீதம் இருப்பதாக 2014ல் ஜெர்மானியப் போட்டி கண்காணிப்புத் துறையின் ஆய்வு கண்டது.

இந்த நிலைமையைக் கண்டு ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. தன்னைவிடச் சிறிய நிறுவனத்திடமோ விவசாயியிடமோ அழுகும் பொருளை வாங்கும் பெரிய வியாபாரி 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். கடைசி நேரத்தில் 'சரக்கு வேண்டாம்' என்று சொல்லக் கூடாது. விலை எவ்வளவு தர வேண்டும் என்பது பற்றி மட்டும் அதில் எதுவும் இல்லை.