ஏரியலிலிருந்து இணையத்துக்கு

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. சுமார் 300 கி.மீ. தள்ளியுள்ள ஓசூரில் ஏரியல் கட்டினால் அது தெரியுமா? தெரியாது. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு மறைத்துவிடும். சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருதான் ஓசூர் ஏரியலுக்கு எட்டியது.

இணையத் தொலைக்காட்சிக்கு இந்தத் தடை இல்லை. படமும் ஒலியும் எண்களாக மாறி, சிறுசிறு பொட்டலங்களாகக் கண்ணாடி இழை வழியே வருகின்றன. பெட்டி அவற்றை வரிசைப்படுத்தி, சில நொடிப் படத்தை முன்கூட்டியே சேமிக்கிறது. பொட்டலங்கள் தாமதித்தால் சேமிப்பு தீர்ந்து, திரையில் வட்டம் சுழலும்!

இங்கே தூரமல்ல, வேகமும் அளவுமே முக்கியம். தெளிவான படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்று கொள்வோம். ஒரு மணிக்கு 5 × 3600 = 18,000 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 2,250 மெகாபைட், அதாவது 2.25 ஜிகாபைட். நாளுக்கு 1.5 ஜிகாபைட் தரும் செல்பேசித் திட்டம் 40 நிமிடத்தில் தீரும். அக்காவின் பாடக் காணொலிக்கு மிச்சமிராது!

படத்தின் தரத்தைக் குறைத்து, நொடிக்கு 1 மெகாபிட் ஆக்கினால்? அதே அளவு 200 நிமிடம் வரும். புதுப் பெட்டி வாங்குமுன் உங்கள் வீட்டு இணைப்புக்கும் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.