பெரிய பட்டம் வேண்டாம், தம்பி!

பக்கத்து வீட்டுத் தம்பி எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். கோப்பெங் இரவுச் சந்தையில் ஒரு கடையில் இரண்டு மாதம் வேலை செய்து கொஞ்சம் பணமும் சேர்த்து வைத்திருக்கிறான். சென்ற மாதம் ஒரு மாலை, கைப்பேசியை நீட்டிக்கொண்டே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். அதில் ஒரு காணொளி. ஈர மணலில் மூன்று சக்கர வண்டி ஒன்று இயந்திரமே இல்லாமல் பாய்ந்து ஓடுகிறது. முன்னால் வானத்தில் ஒரு பெரிய பட்டம் அதை இழுத்துக்கொண்டு போகிறது.

"அண்ணே, இதுமாதிரி 5 சதுர மீட்டர் பட்டம் ஒன்னு பழசு, மலிவா கெடைக்குது. வாங்கிடட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. என் இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினேன். தழும்பு இன்னும் மறையவில்லை.

அறுநூறு வெள்ளிப் பாடம்

எனக்கு அப்போது 19 வயது. ஈப்போவில் முதல் வேலை. 'பவர் கைட்' எனப்படும் இழுவைப் பட்டத்தின் மீது எனக்கும் இதே ஆசை. கையிருப்பைத் திரட்டி, ஒருவர் பயன்படுத்திய பட்டத்தை 600 வெள்ளிக்கு வாங்கினேன். அதுவும் 5 சதுர மீட்டர்தான். 'நம் ஊரில் காற்று குறைவு. பட்டம் பெரிதாக இருந்தால்தான் பறக்கும்' என்பது என் கணக்கு.

மூன்று வாரம் ஊர்த் திடலில் விரித்து விரித்துப் பார்த்தேன். துணி புல்லைவிட்டு எழவே இல்லை. "அறுநூறு வெள்ளிக்குப் போர்வையா வாங்கிட்டு வந்த?" என்று அம்மா கேட்டார்.

நான்காவது வாரம் ஒரு பிற்பகல், மலைப்பக்கம் வானம் கறுத்துக் காற்று எழுந்தது. இதுதான் சமயம் என்று பட்டத்தைத் தூக்கினேன். அடுத்த நொடி என் கால்கள் தரையில் இல்லை. குப்புற விழுந்தேன். பட்டம் என்னைப் பாதித் திடல் தூரம் இழுத்துச் சென்றது. கைப்பிடியை விட்டிருந்தால் அப்போதே தப்பியிருக்கலாம். ஆனால், பயத்தில் கை மேலும் இறுகுமே தவிர விடாது. கோல் கம்பத்துக்குச் சில அடிக்கு முன்னால்தான் விட்டேன். பட்டம் தனியே பறந்துபோய் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டது. அந்த மரத்துக்குப் பின்னால் மின்கம்பிகள் போகின்றன. அதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

ஏன் இப்படி ஆயிற்று?

பட்டத்தின் இழுவிசை, காற்றின் வேகம் ஏறும் அளவுக்கே ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. காற்று மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 20 ஆனால் விசை 4 மடங்கு. 30 ஆனால் 9 மடங்கு. பட்டத்தின் பரப்பு இரு மடங்கானால் விசையும் இரு மடங்கு. போதாக்குறைக்கு, பட்டம் குறுக்கே பாயும்போது அதன்மேல் மோதும் காற்றின் வேகம் இன்னும் கூடிவிடும். கணக்குப் பாடத்தில் வர்க்கம் படித்தவன்தான் நான். திடலில் அதை மறந்துவிட்டேன்.

நம் ஊர் அமைப்பையும் நான் யோசிக்கவில்லை. கிந்தா பள்ளத்தாக்குக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைகள். பெரும்பாலான நாள்களில் இங்கே இலை அசையும் அளவுக்குத்தான் காற்று. ஆனால், பிற்பகல் இடிமழைக்கு முன்னால் மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தரையில் பரவும்போது, சில நிமிடங்களுக்குள் பலத்த காற்றாக மாறிவிடுகிறது. ஆக, இங்கே பெரிய பட்டம் வாங்கும் புதியவருக்கு இரண்டே நிலைதான். ஒன்று, அது பறக்காது. இல்லையென்றால், ஆளையே தூக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது?

தம்பியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதல் பட்டம் 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை போதும். இரண்டு கயிறு உள்ளதாக இருக்கட்டும். குச்சியே இல்லாத, காற்றை விழுங்கி உப்பும் அறைகள் கொண்ட துணிப் பட்டம் நல்லது. விழுந்தாலும் உடைய அதில் ஒன்றுமில்லை. டொமினா ஜால்பர்ட் என்பவர் 1964-இல் அமெரிக்காவில் உருவாக்கிய வடிவத்தின் வழியில் வந்தவை இவை. இடக் கயிற்றை இழுத்தால் இடப்பக்கம், வலக் கயிற்றை இழுத்தால் வலப்பக்கம். கடிவாளம் பிடிப்பதுபோலத்தான்.

நான்கு கயிற்றுப் பட்டம் அடுத்த படி. அதில் இரண்டு கயிறு இழுவைக்கு, இரண்டு கயிறு தடைக்கு. பட்டத்தை நிறுத்தலாம், பின்பக்கமாகவும் இறக்கலாம். அதை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கையை விட்டால் என்ன ஆகும்?" என்பதே. கைப்பிடியை விட்டதும் மணிக்கட்டு வார் தடைக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொள்ள, பட்டம் சுருங்கிக் கீழே விழ வேண்டும். பழைய பட்டம் விற்பவர் அதைப் பறக்கவிட்டுக் காட்டாவிட்டால் வாங்காதீர்கள். நான் வாங்கியதில் அந்த வாரே இல்லை. அது இருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது.

பறக்கவிடும்போது முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நில்லுங்கள். உங்கள் முன்னால் ஒரு பாதிக் குடை கவிழ்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குடையின் ஓரத்திலும் உச்சியிலும் பட்டம் மெல்ல இழுக்கும். நேர் எதிரே தாழ்வாக இருக்கும்போது முழுப் பலத்தோடு இழுக்கும். நான் அன்று அந்த இடத்திலிருந்துதான் தூக்கினேன். நீங்கள் ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

இடி கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள். மின்கம்பி, சாலை, விமான நிலையம் ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். எக்காரணம் கொண்டும் பட்டத்தை உடலோடு கட்டிக்கொள்ளாதீர்கள்.

வண்டி கடைசியில்தான்

"அப்ப அந்த வண்டி?" என்று தம்பி விடவில்லை.

அந்த ஆசை ஒன்றும் புதிதல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போக்காக், பட்டங்கள் இழுக்கும் வண்டிக்கு 1826-லேயே காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் சாலைச் சுங்கம் குதிரைகளை எண்ணி வாங்கப்பட்டது. குதிரையே இல்லாத வண்டிக்கு எதை எண்ணுவது? இன்று காணொளிகளில் பார்க்கும் மூன்று சக்கர வண்டியை 1990 வாக்கில் பரவலாக்கியவர் நியூசிலாந்துக்காரர் பீட்டர் லின். அதில் தாழ்வாக உட்கார்ந்து, முன்சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் கிடையாது. பட்டத்தை ஆளத் தெரிந்தவருக்குத்தான் வண்டியை நிறுத்தத் தெரியும். அதனால்தான் வண்டி கடைசியில் வருகிறது.

இடமும் முக்கியம். மணல் என்றதும் நம் ஊர்ப் பழைய ஈயலம்ப நிலங்கள் தம்பியின் நினைவுக்கு வந்தன. வேண்டாம் என்றேன். அங்கே இளகிய மணலும் ஆழமான குட்டைகளும் இருக்கின்றன. வண்டிக்குத் தேவை, கடல் வற்றிய நேரத்தில் கெட்டியாகக் கிடக்கும் அகன்ற கடற்கரையும் சீரான காற்றும். நம் நாட்டில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் கிழக்குக் கரையில்தான் அதைத் தேட வேண்டும். அதுவும் ஆள்கள் இல்லாத இடத்தில், தலைக்கவசத்தோடு, தெரிந்தவர் துணையோடு.

நம் முன்னோரும் காற்றைப் பார்த்த பிறகுதான் பட்டத்தை எடுத்தார்கள். 1989-இல் வெளிவந்த நம் 50 சென் நாணயத்தில் பொறித்த வாவ் பூலானை, கிளந்தான் மக்கள் நெல் அறுவடை முடிந்த பருவத்தில் ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் நாளில் ராட்சதப் பட்டங்கள் எழுவதும், வாடைக்காற்று வீசும் காலத்தில்தான்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுத்தேன். இரண்டு வாரம், தினமும் மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் திடலுக்குப் போய்க் காற்றைக் குறித்துவர வேண்டும். கருவி வேண்டாம். இலையும் சிறு கிளையும் ஓயாமல் அசைந்து, சிறு கொடி விரிந்து நின்றால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். சிறிய பட்டத்துக்கு ஏற்ற காற்று. புழுதியும் காகிதமும் பறந்தால் 20 முதல் 28; புதியவர் வேடிக்கை மட்டும் பார்க்கலாம். சிறு மரமே ஆடினால் வீட்டுக்குப் போய்விடலாம்.

இரண்டு வாரம் கழித்துப் பயிற்சிப் புத்தகத்தோடு வந்தான். பாதிக்கு மேற்பட்ட நாள்களில் 'ஒன்றும் அசையவில்லை' என்று எழுதியிருந்தான். ஐந்து மாலைகள் பறக்கவிட ஏற்றவை. ஒரு நாளுக்கு எதிரே மட்டும் சிவப்பு மையில், 'அண்ணன் விழுந்த காற்று' என்று இருந்தது.

1.5 சதுர மீட்டர் பட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டான். மீதியை வண்டிக்காக வங்கியில் போட்டு வைத்திருக்கிறான். நானும் பழைய பட்டத்துக்கு வார் தைத்து வைத்திருக்கிறேன். அவன் கை பழகட்டும். கிழக்குக் கரைக்கு இருவரும் சேர்ந்தே போவதாக முடிவு.