மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார்?

ராஜபாளையம் மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், தூக்கமில்லை என்று வந்தார். பையில் அல்பிரசோலம் அட்டை. "கடைத் தம்பிதான் கொடுத்தாருங்க, மூணு மாசமா..."

சீட்டுக்கு மருந்து தரவேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். 1948-ஆம் வருடத்து பார்மசி சட்டம் சொல்வது இது. 2014 மார்ச் 1 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. அல்பிரசோலம், காசநோய் மாத்திரை, சில வீரிய ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் 'எச்1' பட்டியலில் உள்ளன. இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

'உங்கள் சித்த மருந்துக்கு?' என்கிறீர்களா? தயாரிக்கத்தான் லைசென்ஸ், விற்க வேண்டியதில்லை! ஆகவே லேபிளில் லைசென்ஸ் எண்ணைப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்க் கூட்டத்தில் வாங்கும் பொட்டலத்தில் அதைத் தேடிப் பாருங்களேன்.

அந்த மில்காரரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. பட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். படிப்படியாகக் குறைக்க, ஆங்கில மருத்துவரிடம் அனுப்பினேன்.