கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் ஸ்கிரிப்ட் ஏன் தடுமாறுகிறது?

யூனிக்ஸ் கோப்புப் பெயரில் சாய்கோடும் சுழிய பைட்டும்தான் வரக்கூடாது. இடைவெளி தாராளமாக வரலாம். ஆனால் பாஷ் போன்ற ஷெல்களுக்கு இடைவெளியே சொற்களின் எல்லை. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

பழி பெரும்பாலும், கோப்புப் பெயர்களைப் பொருத்தித் தேடப் பயன்படும் நட்சத்திரக் குறியின் (*) மேல் விழுகிறது. அது நியாயமல்ல. ஷெல் முதலில் மாறிகளை விரிக்கிறது, அந்த மதிப்புகளை இடைவெளியில் உடைக்கிறது, அதன்பிறகே நட்சத்திரத்துக்குப் பொருந்தும் பெயர்களைத் தேடுகிறது. தேடலில் கிடைத்த பெயர் மறுபடி உடைபடாது. எனவே ‘ஊட்டி ஏரி’ என்ற கோப்பு முழுதாகவே வந்து சேரும். அதை மாறியில் இட்டு, மேற்கோள்குறி இல்லாமல் அழிப்புக் கட்டளைக்குக் கொடுக்கும்போதுதான் ‘ஊட்டி’, ‘ஏரி’ என இரண்டாகிறது. ‘ஏரி’ என்று வேறொரு கோப்பு இருந்தால், ஒரு பாவமும் அறியாத அதுவே அழியும்.

மாறியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் பெயர் உடையாது. நட்சத்திரத்தையும் உள்ளே வைத்தாலோ அது வெறும் எழுத்தாகிவிடும். "ஊட்டி படங்கள்"/* என்பதே சரியான வடிவம்: இடைவெளி உள்ளே, நட்சத்திரம் வெளியே.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெளியீடும் இதேபோல் இடைவெளியில் உடைபடும்; அதை மடக்கில் பிரித்து ஓட்டும் வழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. உள் அடைவுகள்வரை தேட வேண்டுமானால், ஃபைண்ட் கட்டளையைப் பெயர்களுக்கிடையே சுழிய பைட் இடச் சொல்லலாம். கோப்புப் பாதையில் ஒருபோதும் வராத பைட் அது ஒன்றே.